சுவெட்டர் போட்ட மிஷினும் ஆறாவது கதவும்

எனக்கு எழுபத்தேழு வயது. பெற்றது நான்கு, தங்கை விட்டுப்போனது இரண்டு. ஆறையும் வளர்த்து ஆளாக்கியது நான்தான். அந்த ஆறு பேரும் இன்றுவரை ஒன்றைப் பெருமையாகச் சொல்லித் திரிகிறார்கள்: "எங்கம்மா இங்கிலீஷ் பரீட்சையில ஜெயிச்சு வேலை வாங்குனவுக." பரீட்சை நடந்தது உண்மை. நான் ஜெயித்ததும் உண்மை. நடுவில் என்ன நடந்தது என்பதை நான் யாருக்கும் சொன்னதில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கொடைக்கானல் டவுன் முடிந்து அட்டுவம்பட்டி தொடங்குகிற இடத்தில், கீழ்நாட்டு மில் முதலாளி ஒருவருக்கு ஒரு கெஸ்ட் ஹவுஸ் இருந்தது. பதினோரு வருஷம் அங்கே கூட்டிப் பெருக்கினேன், படுக்கை விரித்தேன், விருந்தாளிகளுக்கு வெந்நீர் போட்டேன். என் வீட்டுக்காரர் கிளாவரையிலிருந்து காய்கறி ஏற்றிவரும் லாரியில் லோடுமேன். முட்டைக்கோஸ் மூட்டை மேலேயே தூங்கிப் பழகியவர். குளிரும் ஈரமும் அவருக்கு உறைக்காது. எனக்கும் பிள்ளைகளுக்கும் உறைத்தது. தோட்டத்துக் கடைசியில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தோம். வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே ஒரு மணி நேரம் சொட்டும். போர்வைகளைக் காலையில் சமையலறைக்குக் கொண்டுபோய் அடுப்புக்கு மேலே கொடியில் போடுவேன். சாயங்காலம் எடுப்பேன். மறுநாள் மறுபடியும் போடுவேன்.

அந்தக் கெஸ்ட் ஹவுஸில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான். ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் இரண்டு அறைகள். சமையலறைப் புகைபோக்கி அந்தச் சுவருக்குள்ளேயே ஏறிப் போவதால் சுவர் எந்நேரமும் வெதுவெதுவென்று இருக்கும். தீப்பெட்டியைத் தரையில் வைத்தாலும் நமத்துப் போகாது. அதில் ஸ்டோர் கீப்பர் குடியிருந்தார். சாவிக்கொத்து யாரிடமோ, அறைகளும் அவருக்கு. அந்தச் சுவரைத் தினமும் துடைக்கிற சாக்கில் ஒரு நிமிஷம் முதுகைச் சாய்த்துக்கொள்வேன். அது திருட்டென்றால் பதினோரு வருஷம் திருடியிருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சீசனுக்கு முதலாளியின் தங்கை வந்தார். மதுரையில் காலேஜில் பாடம் சொல்பவர், எல்லாருக்கும் டீச்சரம்மா. வெளிநாட்டிலிருந்து அவருக்கு யாரோ அனுப்பிய கம்ப்யூட்டர் ஒன்றைக் கூடவே கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் என்றால் இப்போது இருப்பது போல இல்லை. டைப்ரைட்டரைத் தட்டையாக நசுக்கினாற்போல ஒரு பலகை. அதை டிவியில் மாட்ட வேண்டும், டேப் ரெக்கார்டரில் ஒரு கேசட் போட வேண்டும். கேசட் ஓடும்போது கீச்சுக்கீச்சென்று கத்தும். ஒரு பானை பீன்ஸ் வேகிற நேரம் கத்தி ஓய்ந்தால் டிவியில் படம் வரும்.

படத்தில் தொப்பி போட்ட ஒரு குட்டி மனுஷன். மேலும் கீழுமாகப் பலகைகள், பலகைக்குப் பலகை அவன் தாண்ட வேண்டும். நடுவில் தவளைகள் குதிக்கும், தொட்டால் செத்தான். கொடியில் துணி தொங்குவது போல அங்கங்கே இங்கிலீஷ் எழுத்துகள் தொங்கும். உச்சியில் ஒரு பூட்டிய கதவு, கதவுக்கு மேல் ஒரு படம். பூனைப் படம் இருந்தால் பூனை என்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கான எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்துவந்து வரிசையாக நிறுத்த வேண்டும். சரியாக இருந்தால் கதவு திறக்கும், பீப்பீ என்று பாட்டு வரும். தப்பானால் காலடியில் பலகை விலகி ஆள் தண்ணீரில் விழுவான். அப்போது ஒரு சத்தம் வரும், நாலு பேர் நடுவில் வரக்கூடாத சத்தம். ஒரு ஆட்டத்துக்கு அவனுக்கு மூன்று உயிர்.

டீச்சரம்மா ஊருக்குப் போகும்போது மிஷினை என்னிடம் ஒப்படைத்தார். "ஈரம் படக்கூடாது. நீதான் பார்த்துக்கணும்" என்றார். ஒரு பொருளைக் குளிரிலிருந்து காப்பாற்ற இந்த மலையில் எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். விருந்தாளி ஒருவர் விட்டுப்போன பச்சைக் கம்பளி நூலில் அதற்கு ஒரு சுவெட்டர் பின்னினேன். வயர் வெளியே வர இரண்டு கையும் வைத்தேன். அளவு சரியாக இருந்தது. என் பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு சரியாக நான் பின்னியதில்லை.

வாரம் ஒருமுறை ஓடவிட்டு எடுக்கவும் சொல்லியிருந்தார். ஒரு மத்தியானம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது. சட்டென்று சுவெட்டரை எடுத்து மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் குட்டி மனுஷன் இரண்டு பலகைக்கு நடுவில், தாண்டிய கால் தாண்டியபடியே, அந்தரத்தில் நின்றுவிட்டான். எந்த பட்டனை அமுக்கினாலும் அசையவில்லை.

மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் பழனிக்காரர், எதற்கும் பதறுகிறவர். "யாரும் சுவிட்ச்சத் தொடாதீங்க! ஆஃப் பண்ணுனா விழுந்துருவான்!" என்றார்.

சமையற்காரர் வந்தார், தோட்டக்காரர் வந்தார், வண்ணார் வெளுத்த மூட்டையோடு வந்து நின்றார். எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்து, நிற்கிறவனைப் பார்த்தோம். தோட்டக்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாவம், எம்புட்டு நேரமா ஒத்தக்கால்ல நிக்கான்" என்றார். மேனேஜர் மதுரைக்கு டிரங்க் கால் போட்டு, லைன் கிடைக்கச் சாயங்காலம் ஆனது. டீச்சரம்மா சிரித்ததில் டெலிபோன் அதிர்ந்தது. "அது தானாவே சூடாகும். ஓடுறப்ப சுவெட்டரைக் கழட்டுங்க, ஓஞ்சப்புறம் போடுங்க" என்றார். அன்றிலிருந்து எனக்கு அந்த மிஷினின் குளிரும் சூடும் கைவந்துவிட்டது. பிள்ளை வளர்த்தவளுக்கு அது பெரிய வித்தையில்லை.

வாரம் ஒருமுறை என்பது தினம் ஒருமுறை ஆனது எப்படி என்று கேட்காதீர்கள். வெள்ளனே எழுந்து வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, கேசட்டைப் போட்டு, தண்ணீர் சுடுகிற வரைக்கும் ஆடுவேன். தாண்டுவது எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. மலையில் பிறந்தவள், கல்லுக்குக் கல் கால் வைத்து ஓடை தாண்டி வளர்ந்தவள்.

எழுத்துகளுக்கு நானே பேர் வைத்தேன். கருக்கரிவாள் ஒன்று இருந்தது. கூடாரம் ஒன்று, சீசனில் வெள்ளைக்காரர்கள் அடிப்பது மாதிரியே. கரண்டுக் கம்பம், சீப்பு, வாளி, புழு, வளையல். ஒரு படி மட்டுமுள்ள ஏணி. குறுக்குக் கட்டை வைத்த வேலிப்படல். தலைச்சுமையோடு நிற்கும் மூட்டைக்காரன். நெஞ்சும் வயிறும் புடைத்து நின்றது பிள்ளைத்தாச்சி. முழுக்கத் தொப்பையாகவே இருந்ததற்குச் சமையற்காரர் பேரை வைத்தேன்.

பூனைக் கதவுக்கு அரிவாள், கூடாரம், கரண்டுக் கம்பம். கோழிக் கதவுக்கு ஏணி, சீப்பு, படல். பஸ் கதவுக்கு, பிள்ளைத்தாச்சி ஒருத்தி வாளியோடு போனாள், புழுவைக் கண்டாள். இப்படியே ஐந்து கதவுக்கும் மனப்பாடம். விழுந்து விழுந்துதான் கற்றேன். அந்தக் கெட்ட சத்தம் சமையலறைவரைக்கும் கேட்கும். காய் நறுக்கும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பேன். சமையற்காரர் முதலில் எனக்குக் கிறுக்கு என்று நினைத்தார். என்னைவிட மூத்தவர், பழனியில் எட்டாம் கிளாஸ் பாஸ் பண்ணியவர்.

"ஏத்தா, என்ன முணுமுணுக்குற? செபமா?"

"கோழிண்ணே."

"கோழிக்கு எதுக்குத்தா சீப்பு?"

சொல்லிக் கொடுத்தேன். அதன் பிறகு எனக்குத் தெரியாமல் அவரும் ஆட ஆரம்பித்தார். சுவெட்டரில் மஞ்சள் கறை இருந்ததில் கண்டுபிடித்தேன்.

அடுத்த வருஷம் ஸ்டோர் கீப்பர் வேலையை விட்டுத் திண்டுக்கல்லில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். முதலாளியிடமிருந்து கடிதம் வந்தது: இனி டின்களெல்லாம் வெளியூரிலிருந்து இங்கிலீஷ் லேபிளோடு வரும், இங்கிலீஷ் எழுத்து தெரிந்தவரிடம் சாவியைக் கொடு. மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஏம்மா, இங்கிலீஷ் எழுத்து தெரியுமா?"

"ஒவ்வொண்ணையும் மொகம் பாத்தே சொல்லுவேன் சார்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாய் என்று அவர் கேட்கவில்லை.

"நான் எட்டாவது பாஸுங்க சார், செர்ட்டிபிகேட்டு பொட்டியில கெடக்கு" என்றார் சமையற்காரர்.

மேனேஜருக்குச் சங்கடம். அவரைப் பகைத்தால் சாப்பாடு கெடும், என்னைப் பகைத்தால் குளிக்கிற தண்ணீர் ஆறிப்போகும். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து சொன்னார்: "பரீட்சைய அந்த மிஷினே வைக்கட்டும். அதுக்குச் சொந்தமும் கெடையாது, பந்தமும் கெடையாது. எவுக கூடக் கதவு தெறக்காகளோ அவுகளுக்குச் சாவி. சமமா வந்தா எட்டாவது பாஸுக்குச் சாவி."

அதாவது சமம் என்றால் எனக்குக் கொட்டகை.

சமையற்காரருக்கு அறை பெரிய காரியமில்லை. அவர் ஒண்டிக்கட்டை, சமையலறை மேடைக்குப் பக்கத்திலேயே படுப்பார். அவருக்கு வேண்டியது சாவி மட்டும்தான். முந்திரியும் திராட்சையும் எண்ணி எண்ணிக் கொடுத்த ஸ்டோர் கீப்பரிடம் பத்து வருஷம் கை நீட்டி நின்றவர். அதையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் பரீட்சை. எல்லாரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். தோட்டக்காரர் தலைமுடிக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தார். மேனேஜர் டை கட்டி, மேசையில் ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். நான் சுவெட்டரைக் கழற்றினேன். மிஷினுக்குக் குளிரும் என்று கரிக் கணப்பு வேறு வைத்து ஜன்னலையெல்லாம் சாத்தினார்கள். புகையில் எல்லார் கண்ணிலும் தண்ணீர். வெளியிலிருந்து பார்த்தவன் சாவு வீடு என்று நினைத்திருப்பான்.

மேனேஜர் எழுந்து, "யாரும் பக்கத்துல இருந்து சொல்லிக் கொடுக்கக் கூடாது. ஒரு இங்கிலீஷ் எழுத்து, ஒரே ஒரு எழுத்து, யாரு வாயில இருந்து வந்தாலும் அவுக ஆளு தோத்தாக" என்றார்.

முதலில் சமையற்காரர். அவருக்கு வார்த்தை தெரியும், தாண்டத் தெரியாது. மனுஷன் படத்தில் தாண்டும்போதெல்லாம் இவரும் நாற்காலியில் எம்பினார். தவளை வந்தால் காலைத் தூக்கிக்கொண்டார். அப்படியும் பூனை, கோழி, பஸ் என்று ஐந்து கதவையும் திறந்துவிட்டார். ஐந்தாவது கதவு திறந்த சந்தோஷத்தில் ஒரு எம்பு எம்பினார் பாருங்கள், நாற்காலியின் பின்கால் இரண்டும் ஒடிந்து மல்லாக்க விழுந்தார். படத்தில் அவருடைய ஆளும் அதே நேரத்தில் கடைசி உயிரோடு தண்ணீரில் விழுந்தான். இரண்டு சத்தமும் சேர்ந்து வந்ததில் எது யாருடையது என்று வண்ணார் கேட்டார். மேனேஜர் நோட்டில் எழுதினார்: ஐந்து.

அடுத்து நான். நாற்காலி இல்லாததால் வெந்நீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். ஐந்து கதவையும் அடுப்பு ஊதுகிற நேரத்தில் திறந்தேன், ஒரு உயிரும் போகாமல். "ஏ யப்பா, வெரசாத் தாண்டுது!" என்றார் தோட்டக்காரர். எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

ஆறாவது கதவை நான் அதுவரை பார்த்ததே இல்லை. தினமும் ஐந்து முடிவதற்குள் தண்ணீர் கொதித்துவிடும், ஓடிவிடுவேன். மேலே ஒரு கரண்டிப் படம். கீழே கொடிகளில் புழு, மூட்டைக்காரன், வளையல், இன்னொரு வளையல், படல், சீப்பு. கரண்டிக்கு இங்கிலீஷில் என்ன என்று எனக்கு எங்கே தெரியும்? சீப்பைக் கொண்டுபோய் வைத்தேன், வளையலை வைத்தேன். பலகை விலகியது, கெட்ட சத்தம். இரண்டாம் உயிருக்குப் படலில் ஆரம்பித்தேன். மறுபடியும் சத்தம். ஒரே ஒரு உயிர் பாக்கி.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அந்த மழை இந்நேரம் கொட்டகைக்குள் எந்த மூலையில் சொட்டும், எந்தப் பிள்ளையின் பாயில் சொட்டும் என்று எனக்குத் தெரியும். குட்டி மனுஷனைப் பலகை மேல் சும்மா நிறுத்தி வைத்தேன். தவளை பக்கத்தில் வந்து வந்து போனது.

அப்போது எனக்குப் பின்னால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்ற சமையற்காரர் கனைத்தார். பிறகு பல்லைக் கடித்தபடி, "புழு" என்றார்.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பவில்லை. புழுவை எடுத்துக்கொண்டு போனேன்.

"மூட்டைக்காரன்" என்றார்.

எடுத்தேன்.

"வளையலு. ஒண்ணு பத்தாது தாயி, ரெண்டு வளையலு. பெறகு படலு. அம்புட்டுத்தான். சீப்பு கெடக்கட்டும்."

மேனேஜர் பேனாவை ஓங்கிக்கொண்டு எழுந்தார். "என்னய்யா சொல்றீரு அங்க?"

"இடுப்பு வலிங்க சார். வாய்க்கு வந்ததப் பொலம்புறேன்."

"வலியில வளையல் எதுக்குய்யா வருது?"

"பலமான அடிங்க சார்."

மேனேஜர் தோட்டக்காரரைக் கேட்டார், வண்ணாரைக் கேட்டார். ஒரு இங்கிலீஷ் எழுத்தாவது யார் காதிலாவது விழுந்ததா என்று விசாரித்தார். யார் காதிலும் விழவில்லை. அவர் காதிலும் விழவில்லை. அதற்குள் நான் படலை நிறுத்திவிட்டேன். கதவு திறந்தது, பீப்பீ பாட்டு வந்தது. தோட்டக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார், யாரை என்று தெரியாது. மேனேஜர் நோட்டில் எழுதினார்: ஆறு.

கூட்டம் கலைந்த பிறகு சமையலறைக்குப் போனேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே இப்படிப் பண்ணுனீக?"

"நான் என்ன பண்ணுனேன்? ஒரு சமையக்காரன் கண்ணு முன்னால ஒருத்தி கரண்டியத் தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னா, அவன் வாய மூடிக்கிட்டு இருப்பானா?"

"சாவி போச்சேண்ணே ஒங்களுக்கு."

"போகட்டும். பத்து வருசமா ஒன் பிள்ளைக போர்வை என் அடுப்பு மேல காயுது. சாம்பார்ல கம்பளி வாசம் வருதுன்னு கெஸ்ட்டு எங்கிட்ட வந்து சண்டை போடுறாக. என் சாம்பாரு பேரு கெடுதுத்தா. மொதல்ல அதக் கழட்டிக்கிட்டுப் போ."

கொடியிலிருந்து ஆறு போர்வையையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் தலையைத் தூக்கவில்லை. வெங்காயம் உரிக்கிறவர் கண்ணில் தண்ணீர் இருந்ததை நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

அன்றே குடி மாறினோம். பிள்ளைகள் ஆறு பேரும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள், நகரச் சொன்னாலும் நகரவில்லை. நானும் ஒரு ஓரத்தில் நின்றேன். துடைக்கிற துணி கையில் இல்லாமல் அந்தச் சுவரில் நான் சாய்ந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை கதவைத் தட்டினார் மேனேஜர். கையில் கம்ப்யூட்டர். "கட்டடத்துலயே காஞ்ச எடம் இதுதானேம்மா. இதுவும் இங்கயே இருக்கட்டும்." ஆக ஏழாவது பிள்ளை ஒன்றும் வந்து சேர்ந்தது. மற்ற ஆறுக்கும் சுவெட்டர் கிழிந்திருந்தது; அதற்கு மட்டும் நன்றாக இருந்தது. புகைபோக்கிப் பக்கம் யார் படுப்பது என்று பிள்ளைகள் சண்டை போட்டால் மிஷினைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிடுவேன். சண்டை நின்றுவிடும்.

ஸ்டோர் வேலை எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். சுலபமாக நடந்தது. புது டின் வந்தால் வாசலில் நின்றபடியே, "அண்ணே, பிள்ளைத்தாச்சி, கூடாரம், ஒரு உதைக்கிறவன், ஒரு குச்சி..." என்று சத்தமாக ஆரம்பிப்பேன். பாதி சொல்வதற்குள் சமையலறையிலிருந்து, "பேக்கிங் பவுடருத்தா, நாலாவது தட்டுல வையி" என்று பதில் வரும். விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். முந்திரிக்கு அவர் கை நீட்ட வேண்டியதே இல்லாமல் போயிற்று. கேட்காமலே கொண்டுபோய் வைத்துவிடுவேன். பன்னிரண்டு வருஷம், ஒரு டின்கூட இடம் மாறவில்லை. அவர் போன பிறகு நானும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புதிதாக வந்தவரிடம் போய்ப் பிள்ளைத்தாச்சி, கூடாரம் என்று சொன்னால் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்வார்.

தமிழ் எழுத்தை என் கடைசி மகள் பள்ளிக்கூடம் போனபோது அவளோடு சேர்ந்து கூட்டக் கற்றேன். இதை எழுதி முடிக்க ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. எனக்கு எந்த அவசரமும் இல்லை, சுவர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. இது வேறு சுவர், மகன் கட்டியது. ஆனாலும் அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்று சொன்னது நான்தான்.

பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள். நோட்டை அவளிடம் நீட்டினேன்.

"இந்தா, மொதல்லருந்து வாசி. வெரசா ஓடாத, நிறுத்தி வாசி. எங்கயாவது எழுத்து விட்டுப் போயிருந்தா நீயாச் சேக்காத, என்னக் கேளு. ஒங்கம்மாவையும் மாமாமாரையும் உள்ள வரச் சொல்லு. கரண்டி வர்ற எடத்த மட்டும் நல்லா சத்தமா வாசி ஆத்தா, அவுக காதுல விழட்டும்."